எட்டுப் புஷ்களும் ஒரு பேணித் தேத்தண்ணீரும்

வேலணைச் சந்தி தாண்டியதும் அந்தப் பள்ளம் வந்தது.

சும்மா பள்ளமில்லை. மாரியில் ஆட்கள் அதற்குள் தூண்டில் போடுவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். போன வருடம் காலையில் அதற்குள் விழுந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் பின்னேரம்தான் ஏறி வந்தான்.

பக்கத்து ஆசனத்தில் என் மனைவி சறோஜினிதேவி. அவள் கையில் சில்வர் பேணி. பேணியில் விளிம்பு முட்டப் பால்தேத்தண்ணீர்.

ஒரு சொட்டுச் சேலையில் விழுந்தாலும் நாளைக்கே காரை விற்க வேண்டும். அதுதான் பேச்சு.

கார் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. சிவப்பு. இரண்டே ஆசனம். கூரையைச் சுருட்டிப் பின்னால் வைத்துவிடலாம். தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறிய மறுநாள் அதைக் கொழும்பில் வாங்கி, கரம்பொன் வரை நானே ஓட்டி வந்தேன். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது நாய்கள்கூட எழுந்து நின்றன.

ஆனால் போன ஆவணியில், இதே பள்ளத்தில், சறோஜினிதேவிக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. அந்த இடத்திலேயே இறங்கி பஸ்ஸில் வீட்டுக்குப் போனவள், பிறகு காரில் ஏறவேயில்லை. கல்யாணங்களுக்குக் கார் விடுகிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் விலை கேட்டு மூன்று தரம் வந்துபோனார். மூன்று தரமும் அவரைக் கதிரை போட்டு இருத்தி உபசரித்தவள் அவள்தான்.

குற்றம் காரில் இல்லை, புஷ்ஷில் என்றார் மெக்கானிக் அன்ரனிதாஸ். சில்லைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள் காரின் உடம்போடு சேரும் இடங்களில் இருக்கிற ரப்பர்தான் புஷ். மொத்தம் எட்டு. ஒன்று ஒரு தேசிக்காய் அளவும் வராது. கழற்றிப் பார்த்தால், எட்டும் கருவாடாய்க் கிடந்தன.

புதியவை இங்கிலாந்தில் இருந்து வந்தன. பழையவை லேசில் வெளியே வரவில்லை. நெருப்பு வைத்துச் சுட்டு எடுத்தோம். அந்தப் புகை நெடுந்தீவுக்குத் தெரிந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம். நயினாதீவுக்குத் தெரிந்தது.

போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவதுதான் வேலை. கார் ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் புது ரப்பர் முறுகி, ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். சில்லு நிலத்தில் நிற்க வேண்டும். காரில் போகிறவர்களின் பாரமும் உள்ளே இருக்க வேண்டும்.

என் பாரத்துக்கு நான் ஏறி இருந்தேன். சறோஜினிதேவி அதற்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை அடுக்கினோம். எத்தனை கிலோ என்று அன்ரனிதாஸ் கேட்டார். அறுபது என்றேன்.

“ஐம்பத்தாறு,” என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

நாலு கிலோவை அள்ளி எடுத்துவிட்டு இறுக்கினோம்.

அதன் பிறகுதான் அவள் இந்தத் தேத்தண்ணீர்ப் பேச்சை எடுத்தாள். எங்கள் வீட்டுக் கேற்றில் இருந்து சாட்டிக் கடற்கரை வரை, ஒரு பேணி. அப்படி முட்ட நிரப்பினால் கப்பலில் போனாலும் சிந்தும், ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று அன்ரனிதாஸ் என் காதுக்குள் சொன்னார். அதற்குள் நான் ஓம் சொல்லி, அவரையே சாட்சியும் ஆக்கியிருந்தேன்.

எந்த நாள் என்பதை மட்டும் நான் தெரிந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை.

வெள்ளி என்றால் அவள் தலை தோய்ந்து, கோயில் சேலை உடுத்து, மத்தியானப் பூசை முடியும்வரை பச்சைத்தண்ணீரும் வாயில் வைக்காமல் இருப்பாள். நாற்பத்தொரு வருடமாக ஒரு வெள்ளியும் தவறியதில்லை, பிள்ளை பிறந்த வெள்ளி உட்பட. அந்தச் சந்தன நிறப் பட்டில் தேத்தண்ணீர் விழ அவள் லேசில் விடமாட்டாள். என் கள்ளப்புத்தி அது.

இப்போது பள்ளம்.

உண்மையைச் சொன்னால், நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓட்டுகிறவன் மூடலாமா என்று கேட்காதீர்கள்.

முன்சில்லு இறங்கியது, ஏறியது. பின்சில்லு இறங்கியது, ஏறியது. ஒரு கீச்சு இல்லை. ஒரு இடி இல்லை. மதிலில் இருந்து குதித்த பூனை ஒன்றும் நடக்காததுபோல நடந்து போகுமே, அப்படிப் போனது என் கார்.

சாட்டியில் நிறுத்தி, சுற்றிப் போய்க் கதவைத் திறந்தேன். சேலையைக் கரையில் இருந்து கரை வரை பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. ஆசனத்திலும் இல்லை. அவள் விரல்கூட நனையவில்லை.

ஐஸ்பழம் விற்கிற வானுக்குப் பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஒரு புள்ளியும் இல்லை என்று கத்திச் சொன்னேன். இருநூறு பேர் இருக்கும். சரி, ஒரு பத்துப் பேர்.

பிறகுதான் பேணியைப் பார்த்தேன்.

தேத்தண்ணீர் விளிம்பில் இல்லை. இரண்டு விரல் கீழே நின்றது.

குறைந்திருக்கிறதே என்றேன்.

“காத்துக் குடிச்சிருக்கும்,” என்றாள், கடலைப் பார்த்தபடி. “இண்டைக்குக் கோயிலுக்கு வேண்டாம். நேரை வீட்டை விடுங்கோ.”

அவளுடைய மேலுதட்டில் மெல்லிதாய் ஒரு பால்கோடு இருந்தது.

திரும்பி வரும்போது அந்தப் பள்ளத்தைக் கண்ணைத் திறந்துகொண்டே தாண்டினேன்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு அன்றே போன் எடுத்து, ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று சொன்னேன். இந்தக் கதையில் நான் கூட்டிச் சொல்லாதது அது ஒன்றுதான்.