ஜெயிக்கிற ஆள்

அயோவாவில் பிப்ரவரி மாலை. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் குழல்விளக்குகள் ரீங்கரிக்கின்றன. பூட்ஸ்களிலிருந்து உருகும் பனி கூடைப்பந்தாட்டக் கோடுகளின் மேல் ஓடுகிறது. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யாரென்று தேர்ந்தெடுக்க, ஊரார் அவரவர் ஆளுக்கான இடத்தில் போய் நிற்க வேண்டும். ஹால்வர்சன் அம்மையாரின் பெயரெழுதிய அட்டையோடு ஒரு கூடைவளையத்தின் கீழ் நிற்கிறாள் ஆர்லிஸ். அவளையும் சேர்த்துப் பதினான்கு பேர். பதினைந்து இல்லாவிட்டால் கணக்கிலேயே சேராது. எதிர்வளையத்தின் கீழ் கவர்னர் டெக்கருக்காக எண்பது பேர் நெருக்கியடித்து நிற்க, அவர்கள் நடுவில் அவள் கணவன் வெர்லின், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

“எனக்கும் ஹால்வர்சனைத்தான் பிடிக்கும் ஆர்லிஸ்,” என்று அங்கிருந்தே கத்துகிறாள் தபால் நிலையத்து ஜோலின். “ஆனா மத்தவங்க ஓட்டுப் போட மாட்டாங்களே! ஜெயிக்கிற ஆளாப் பாக்க வேணாமா?” “யாருடி அந்த மத்தவங்க?” ஜோலின் வெர்லினைக் காட்டுகிறாள். வெர்லின் பாதிரியாரைக் காட்டுகிறான். பாதிரியார் சற்று யோசித்துவிட்டு ஜோலினைக் காட்டுகிறார். ஆர்லிஸ் அட்டையை இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள். “ஏங்க, என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி, ஊருக்கு இவளைப் பிடிக்குமான்னு கேட்டீங்களா?” வெர்லின் பிஸ்கட்டை விழுங்குகிறான். “கேட்டேனே. ஒருத்தர்கூட பிடிக்கும்னு சொல்லல.” கூடமே வெடித்துச் சிரிக்கிறது, அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், காதுவரை சிவந்துபோன வெர்லின் நடுக்கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறான், சட்டையில் இன்னும் டெக்கரின் பேட்ஜோடு.