ஒரு வாரத்துக்கு எடுத்த உடம்பு

டொரண்டோவில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரும் மாமியாரும், ஒரு வாரம் ஊர் சுற்றிப் பார்க்கக் கோயமுத்தூர் வந்திருந்தார்கள், இளையவர்களின் வாடகை உடம்பில் தங்கள் நினைவை ஏற்றிக்கொண்டு. இருபது வயதுப் பெண்ணின் காலைத் தொட்டுக் கும்பிட பிரவீணாவுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சும் நடையும் அசல் அத்தையேதான். குழந்தைகூட "அப்பத்தா" என்று மடியில் ஏறிக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் கொடைக்கானல், அங்கே மட்டும் கூட்டிப்போகாதீர்கள் என்று வாடகைக்கு விட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். அத்தை கேட்கவில்லை.

"கல்யாணமான புதுசுல போனது கண்ணு. ஒரு எட்டு பாத்துட்டு வந்தரலாம். அத்தன கூட்டத்துல நம்மள யாரு பாக்கப் போறாங்க?"

ஏரிக்கரையில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த விசிறியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பவுனு! வேலைக்குன்னு போனவ ஒரு போன்கூடப் பண்ணலயேடி! அம்மாவ மறந்துட்டியா?"

அத்தை மரியாதையாகச் சிரித்தாள். "ஆள் மாறிப் பேசறீங்க அம்மிணி. உங்கள எனக்குத் தெரியாதுங்க."

அந்தத் தாயின் முகம் அப்படியே வெளிறிப்போயிற்று.

"வாங்க அத்தை, போயிரலாம்," என்று பிரவீணா தோளைப் பிடித்து இழுத்தாள். அத்தை நகரவில்லை. அவள் வலது கை அந்தப் பெண்மணியின் முந்தானையை இறுகப் பற்றியிருந்தது.

"விடுங்க அத்தை!"

"விடத்தான் பாக்கறேன் கண்ணு," என்றாள் அத்தை. "இந்தக் கை விடமாட்டேங்குது."