உறுதியான பலகை

குடிதண்ணீருக்காகக் கட்டிய ஒரு மண் அணையின் மேல் போன மாதம்தான் மரப் பலகை ஒன்றை நட்டார்கள். 'இந்த அணை உறுதியாக உள்ளது' என்று நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து பலகைக்குத் தலைகால் புரியவில்லை. அணையைத் தாங்கிப் பிடிப்பதே தான்தான் என்று நினைப்பு.

அணையின் அடியில் வளை தோண்டிக் குடியிருந்த நண்டு ஒரு நாள் காலையில் வெளியே எட்டிப் பார்த்தது. எப்போதும் கண்ணாடி மாதிரி கசிகிற தண்ணீர், செக்கச்செவேலென்று வந்துகொண்டிருந்தது. நண்டு அடித்துப்பிடித்து மேலே ஏறியது.

"ஐயா, கசிவு கலங்கலா வருதுங்க. உள்ளே மண்ணை அரிக்குது. யாருக்காவது சொல்லணும்."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றது பலகை.

"தெரியாதுங்க."

"அதான் பதறுறே. என் மேல எழுதியிருக்கிறதைப் படிச்சிருந்தா, நீ பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பே."

நண்டுக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இறங்கிப் போனது.

மத்தியானம் அணை உடைந்தது. கூரைகளும் மாட்டுத்தொட்டிகளும் மிதந்த வெள்ளத்தில் கைக்குக் கிடைத்த பலகையைப் பற்றி ஏறியது நண்டு.

"வந்துட்டியா? நல்ல வேளை," என்றது பலகை. "கொஞ்சம் பாத்துச் சொல்லு, பெயிண்ட் எங்கேயும் உரிஞ்சிடலையே?"