இழுக்காத வண்டி

“அண்ணா, காத்து எவ்ளோ உள்ள போவுதோ, அவ்ளோதான் பவர். இதுகூடத் தெரியாம நீயெல்லாம் எப்பிடி மெக்கானிக்கா கீற?”

கிரண் கேட்டதும் ஜீவானந்தத்துக்குச் சிரிப்புதான் வந்தது. ஆரணியில் பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருக்கு, மூன்று வீடியோ பார்த்தவன் பாடம் எடுக்கிறான்.

“அதான் வேலூர்ல குடுத்து, இன்ஜின் ஹெட்டைக் கழட்டி, காத்து போற ஓட்டையைப் பெருசாக் கடைஞ்சியே, பவர் வந்துச்சா?”

“எங்க வந்துச்சு? சேவூர் ரோட்டுல ரெண்டு மூட்டை நெல்லு ஏத்தின மொபெட்டு என்னை முந்திகினு போவுது. ஒரே பேஜாரு!”

“நூத்தம்பது சிசி இன்ஜினுக்கு லாரி ஓட்டை போட்டா, காத்தோட வேகம் செத்துடும்டா மேதாவி. இன்ஜின் சைசுக்குத் தக்கன ஓட்டை இருக்கணும்.”

“உனக்குப் பஞ்சர் ஒட்டத்தான் தெரியும். இன்ஜினே சின்னது, அதான் இழுக்கல. அடுத்த வாரம் முன்னூத்தம்பது சிசி எடுக்கறேன், பாரு!”

கிரண் ஆக்சிலேட்டரை முறுக்கினான். வண்டி முக்கி முனகி நகர்ந்தது. அது தெருமுனை தாண்டியதும் ஜீவானந்தம் அவன் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“கிருஷ்ணம்மாக்கா, வண்டி வேகம் இன்னும் நாப்பதுக்கு மேல ஏறல. ஹெட்டைக் கழட்டறானே தவிர, காத்து உள்ள போற ஏர் ஃபில்டரைத் தொறந்து பாக்கல.”

“நல்ல காலம்பா. போன வருஷம் வேகமாப் போய் அவன் காலை ஒடிச்சிகினப்பவே எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு. இப்ப முன்னூத்தம்பது வாங்கறேன்றானே?”

“வாங்கட்டுங்க்கா. அன்னிக்கு ஏர் ஃபில்டர் வாயில அடைக்கக் குடுத்தீங்களே பழைய பட்டுச்சேலை, இந்த வாட்டி அதுல அரை முழம் பத்தாது. ஒரு முழமாவே கிழிச்சு வைங்க!”