அடைபட்ட கண்

"தாள் இல்லைன்னு மெஷின் சொல்லுது. உள்ள முழு ரோல் உக்காந்திருக்கு. என்னம்மா பண்ணித் தொலைச்ச?"

சூப்பிரண்டு சிதம்பரநாதன் போட்ட சத்தம் லேப் முழுக்கக் கேட்டது. பிலோமினாள் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"நான் மூடியையே திறக்கலை சார்."

"பின்ன, பேய் வந்து திறந்துச்சா? மெக்கானிக் வரட்டும். உள்ள கை வச்சது நீதான்னு தெரிஞ்சா, இன்னிக்கே வீட்டைப் பாக்கப் போயிரணும்."

அவனியாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மெக்கானிக் கருத்தக்கண்ணன், தெர்மல் பிரிண்டரின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இந்தக் குட்டிக் கண்ணுல இருந்து போற வெளிச்சம் தாள்ல பட்டுத் திரும்பி வரணும் சார். வந்தாத்தான் தாள் இருக்குன்னு மெஷினுக்குத் தெரியும். யாரோ கண்ணை அடைச்சு வச்சிருக்காக."

"நான் சொல்லலை? வேணும்னே பண்ணியிருக்கா. இப்பவே மெமோ அடிக்கச் சொல்றேன்."



கருத்தக்கண்ணன் கண்ணிலிருந்ததை நகத்தால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"முந்தாநாள் ஆயுத பூஜைக்கு மெஷின் மூடியைத் திறந்து உள்ள பொட்டு வச்சது யாரு தங்கச்சி?"

பிலோமினாள் சூப்பிரண்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் பாக்கலைண்ணே. சர்ச்சுக்குப் போற வேதக்காரி உள்ள வரக்கூடாதுன்னு என்னைய வராந்தாவுல நிறுத்திட்டு, சார்தான் கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையாளா பூஜை போட்டாரு."