பன்னிரண்டு துண்டு

மொட்டை மாடியில் வெல்டரின் மனைவி திருடிக்கொண்டிருந்தாள். அதுவும் சொந்தப் புருஷன் செய்த பெட்டியிலிருந்து!

பழம் காயவைத்து விற்கும் கம்பெனி, இருபது சூரிய உலர்த்திகள் வாங்கப் போகிறது. இன்று இரண்டு மாதிரிகளுக்குள் போட்டி.

வெல்டருடையது தகரமும் கண்ணாடியும் சேர்ந்த வெறும் பெட்டி. வெயிலை நம்பித்தான் அதன் பிழைப்பு. அவளுடைய தம்பி செய்ததில் உள்ளே ஒரு ஃபேன் உண்டு. சோலார் பலகையில் ஓடி, ஈரக் காற்றை வெளியே தள்ளிவிடும்.

ஆளுக்கு ஐந்து கிலோ வாழைப்பழத் துண்டுகள். மாலை நாலு மணிக்கு யாருடைய தட்டு எடை குறைவோ, அவருக்கே ஆர்டர்.

தம்பிக்கு மாதச் சம்பளம் வருகிறது. வெல்டருக்கு இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

"ஃபேன் வெச்சதோட மோதி ஜெயிக்க முடியுமாங்க?" என்று காலையிலேயே கேட்டாள்.

"தோத்தாலும் நேர்மையா தோப்பேன். நீ வாயை மூடிக்கிட்டு இரு!"

இப்போது மூடிக்கொண்டுதான் இருந்தாள். வாய்க்குள் பன்னிரண்டாவது துண்டு.

"அக்கா, என்ன மெல்லுறே?" படியில் தம்பி.

"மாத்திரைடா."

"மாத்திரையை யாராவது மெல்லுவாங்களா?"

சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். அவளுக்கு முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் தராசில் வைத்தார். "பெட்டி, ரெண்டே கால் கிலோ. ஃபேன் வெச்சது, மூணு கிலோ. ஆர்டர் வெல்டருக்கு!"

வெல்டர் மீசையைத் தடவினார். "பாத்தியா மச்சான்? நேர்மையான வெயில் போதும். ஃபேனெல்லாம் சும்மா பந்தா!"

"ஆமா மாமா" என்று தலையைச் சொறிந்தான் தம்பி.

அவளுக்குத்தான் கணக்கு உதைத்தது. பன்னிரண்டு துண்டுக்கு முக்கால் கிலோவா?

அதைவிட மனசு உறுத்தியது. தம்பியை ஓரமாக இழுத்தாள்.

"டேய், அக்கா உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்டா. மாமா தட்டுலேருந்து பன்னெண்டு துண்டு தின்னுட்டேன்."

"தெரியும்க்கா. பாத்தேனே."

"பாத்துட்டு ஏன்டா மேனேஜர்கிட்ட சொல்லல?"

தம்பி மாமா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினான்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? காலையிலேயே நான் ஃபேன் ஒயரைப் பிடுங்கி விட்டுட்டேனே!"