இடது பக்கக் கதவு

மூன்றாவது இடியில் கதவு நிலையோடு பெயர்ந்து வீட்டுக்குள் விழுந்தது.

அடுப்பருகே நின்றிருந்த ஜோனெல்லின் அப்பா கையில் கரண்டியோடு திரும்பினார். உள்ளே வந்த போலீஸ்காரர்கள் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கைதான். துப்பாக்கிக் கட்டையால் வாயில் ஓர் அடி. பல் ஒன்று ரத்தத்தோடு தரையில் போய் விழுந்தது.

அவரைக் குப்புறத் தள்ளி, ஹெல்மெட் போட்ட ஒருவன் முழங்காலைக் கழுத்தில் ஊன்றினான். அந்தத் தள்ளுமுள்ளில் கொதித்துக்கொண்டிருந்த சோளக் கஞ்சி அவர் முழங்கையில் கொட்டியது.

"துப்பாக்கிய எங்கடா வச்சிருக்க?"

அப்பா அலறவில்லை. அலறுவதற்கு மூச்சு வேண்டுமே! அவர் முகம் சாம்பல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜோனெல் குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டி மண்டியிட்டிருந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. ஏழாம் வகுப்புக்கு இன்றைக்கு அரசியல் சட்டப் பரீட்சை.

கதவை உடைக்கிறவர் வேறு, உடைக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர் வேறு. இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிட்டால் நாட்டுக்கு ராஜா வந்துவிட்டார் என்று அர்த்தம். ப்ரூயிட் டீச்சர் சொன்னது இது.

பரீட்சைக்காக ஒரு வாரமாக வராந்தாவில் ஒத்திகை நடந்தது. தோழி ஒடெஸ்ஸாதான் போலீஸ். துடைப்பக் கட்டையை நீட்டிக்கொண்டு வருவாள். ஜோனெல் வாரண்ட் கேட்க வேண்டும்.

"என்னடி பூனை மாதிரி முனகுற? வயித்துலேர்ந்து கேளு!" என்று ஒடெஸ்ஸா விரட்டுவாள். அவளுடைய அண்ணன் படியில் உட்கார்ந்து சிரிப்பான். "நீங்க கேட்டு முடிக்கிற வரைக்கும் அவனுங்க சும்மா நிப்பானுங்களாக்கும்!"

அப்பாவின் கால் ஒருமுறை உதறிவிட்டு நின்றது.

"வாரண்ட்டக் காட்டுங்க!" ஜோனெல் வயிற்றிலிருந்து கத்தினாள். "ஜட்ஜ் கையெழுத்து இருக்கணும்! எந்த வீடுன்னு அதுல எழுதியிருக்கணும்!"

நரைத்த மீசைக்காரர் ஒருவர் எரிச்சலோடு காகிதத்தை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "நல்லா படிச்சுக்கோ, வக்கீலம்மா."

தெரு சரி. கதவு எண் சரி. ஜட்ஜ் கையெழுத்தும் சரி. அதற்குக் கீழே, மேல்வீடு என்று இருந்தது.

அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே அச்சு. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே எண், ஒரே வராந்தா, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். இடது கதவு கீழ்வீட்டுக்கு, வலது கதவு மாடிப்படிக்கு. பீட்சா கொண்டுவருகிற ஆள்தான் எப்போதும் மாற்றித் தட்டித் திட்டு வாங்குவான்.

"இது கீழ்வீடு!" என்றாள். "மேல போறது வலது கதவு!"

மீசைக்காரர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். கழுத்திலிருந்து முழங்கால் எழுந்தது.

அப்பா இழுத்த மூச்சு ஓட்டைக் குழாயில் காற்றுப் போவதுபோல விகாரமாகக் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை ஜோனெல் தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பூட்ஸ்கள் பல்லை மிதித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போயின.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். டீச்சர் சொன்னது பலித்துவிட்டது! கேட்டதும் நின்றுவிட்டார்களே! இதை முதலில் ஒடெஸ்ஸாவிடம் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் மேலே கூரைப் பலகை கிறீச்சிட்டது. வெறுங்கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. சின்னக் கால்கள்.

ஜோனெல்லின் சிரிப்பு அப்படியே நின்றது.

வலது கதவு ஒரே இடியில் போனது. படிகளில் பூட்ஸ்கள் தடதடத்தன.

"வாரண்ட்டக் காட்டுங்க!" மாடியிலிருந்து ஒடெஸ்ஸாவின் குரல் வந்தது. நடுங்கினாலும் வயிற்றிலிருந்தே வந்தது. "எந்த வீடுன்னு அதுல எழுதியிருக்கணும்!"

ஏதோ கனமாக விழுந்தது. கூரையிலிருந்து காரை உதிர்ந்து அப்பாவின் முகத்தில் கொட்டியது.

ஒடெஸ்ஸா ஒரு வார்த்தைகூடப் பிசகாமல்தான் கேட்டாள். இந்த முறை அவர்களுக்கு வீடும் பிசகவில்லை.